பழைய சாதனங்களை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் சுவரொட்டிப் படம்: கருத்து தேவை

கீற்று
வணக்கம் நண்பர்களே. பழுதுபார்க்கத் தெரிந்த சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை கூடுகிறோம். வீட்டில் முடங்கிக் கிடக்கும் டேப் ரிக்கார்டர், ரேடியோ, கேமரா எதுவானாலும் எடுத்து வரலாம், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே சரிசெய்வோம். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே மாதிரிதான். அதற்கு ஏ3 அளவில் ஒரு சுவரொட்டி செய்துகொண்டிருக்கிறேன், பல படங்களை வெட்டிச் சேர்த்து ஒரே காட்சியாக.

முதல் வடிவம் இது: பழைய பெட்டி டிவி ஒன்று, திரை இருக்க வேண்டிய இடத்தில் பெரணியும் பாசியும் அடர்ந்து வெளியே வழிகிறது, மேலிருந்து வெயில் விழுகிறது. மூலையில் மூன்று அம்பு போட்ட பச்சைச் சின்னம். வாசகம் "பழையதைத் தூக்கி எறியாதீர்கள்". அடியில் சிறிய எழுத்தில், 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்ற ஐநா அறிக்கைக் கணக்கு.

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். காட்டிய எல்லோரும் "அழகா இருக்கு" என்று சொல்கிறார்கள், அதோடு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருவர்கூடத் தன் வீட்டில் கிடக்கும் பொருளைப் பற்றிப் பேசவில்லை. படத்தின் நோக்கமே அதுதானே. எங்கே பிசகுகிறது என்று சொல்லுங்கள்.

சால்டர்புகை
வெட்டி ஒட்டிய வேலை சுத்தமாக இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கருத்து எனக்கு உடன்பாடில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் படத்தில் அந்த டிவி செத்துப்போய்விட்டது. குடலை உருவிவிட்டுச் செடி நட்டிருக்கிறீர்கள். டிவியைப் பூந்தொட்டியாக்குவதற்கும், டைப்ரைட்டர் எழுத்துகளைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டுவதற்கும், ஓடும் நிலையில் இருக்கும் இசைத்தட்டைச் சூடாக்கி வளைத்துக் கிண்ணம் செய்வதற்கும் மறுபயன்பாடு என்று பேர் வைத்துவிட்டார்கள். டிவியின் வேலை படம் காட்டுவது. அந்த வேலையை அது மறுபடி செய்தால்தான் மறுபயன்பாடு. இல்லாவிட்டால் மேல் ஓட்டை வைத்து அலங்காரம் செய்கிறோம், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் அழகு என்று சொல்லிவிட்டுப் போவதற்குக் காரணம் நீங்கள் காட்டியதும் அலங்காரம்தான்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டில்லை. இந்தப் படத்தைப் பார்த்து யாராவது வீட்டில் இருக்கும் பிக்சர் டியூப் டிவியைத் திறக்கப் போனால் என்ன ஆகும்? கலர் டியூப் 20,000 வோல்ட்டுக்கு மேல் வாங்கி ஓடுவது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் உள்ளேயே நிற்கலாம். உள்ளே வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும், அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். பழகியவர்களே பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

அந்த மூன்று அம்புச் சின்னத்தையும் எடுத்துவிடுங்கள். அது 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு காகித மறுசுழற்சிப் போட்டிக்காக வரைந்தது. மறுசுழற்சி என்றால் பொருளை உடைத்து, உருக்கி, மூலப்பொருளாக்குவது. நீங்கள் சொல்ல வருவது அதற்கு ஒரு படி முன்னால் இருப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 கழிவுச் சட்டமே வரிசை வைத்திருக்கிறது: முதலில் கழிவே உண்டாகாமல் தவிர்ப்பது, அடுத்து மறுபடி பயன்படுத்த ஆயத்தம் செய்வது, அதற்கும் பிறகுதான் மறுசுழற்சி. உங்கள் படம் இரண்டாம் படியைப் பேசுகிறது, சின்னம் மூன்றாம் படிக்கு வழி காட்டுகிறது.

எட்டுபிட்
மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. டியூப் போய்விட்ட, மாற்று கிடைக்காத டிவியாக இருந்தால் அதன் மரப்பெட்டியை வேறு எதற்காவது எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்பேன், ஆனால் சுவரொட்டியில் அது வேண்டாம், ஏனென்றால் விதிவிலக்கைத்தான் விதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

எந்தச் சாதனத்தைக் காட்டுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பொத்தான் வைத்த பழைய செல்போன் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் 2ஜி நெட்வொர்க்கையே மூடிவிட்ட நாடுகள் பல, அங்கே அதை உயிர்ப்பித்தாலும் அழைப்பு போகாது. டிவிக்கு அனலாக் ஒளிபரப்பு நின்றுபோன இடங்களில் பழைய கேம் கன்சோல் மாட்டத்தான் பயன்படும். ஃபிலிம் கேமரா நல்ல தேர்வு, 35 மி.மீ. ஃபிலிம் இன்னும் தயாராகிறது, ஒரு சுருளுக்கு 36 படம், எடுத்துவிட்டுக் கழுவக் கொடுக்கலாம். கேசட் பிளேயரும் நல்லதுதான், பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்தோ உருகிப் பிசினாகியோ போயிருக்கும், பெல்ட் மாற்றி நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பாதிக்கு மேல் எழுந்து பாடும். பார்ப்பவருக்கு "என்னிடமும் ஒன்று இருக்கிறது, இது ஓடும்" என்று தோன்றும் பொருளாகப் பாருங்கள்.

அப்புறம், செயற்கை நுண்ணறிவில் படம் உருவாக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். அப்படி வந்த கேசட் படங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சக்கரத்திலும் நாடா நிறைந்திருக்கிறது. ஒரு பக்கம் நிறைய இருந்தால் மறுபக்கம் குறைவாகத்தானே இருக்க முடியும்? டைப்ரைட்டர் விசைகளில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. இந்தப் பொருளோடு பழகியவர்கள் கண்ணுக்கு அது முதல் நொடியிலேயே தெரியும், பழுதுபார்க்க வா என்று கூப்பிடும் கூட்டத்துக்குப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையான பொருளை எடுத்து உங்கள் கையாலேயே புகைப்படம் எடுங்கள்.

வினாக்குறி
ஒரு சின்ன எதிர்ப்பு. பழையது எல்லாமே மறுபடி ஓட வேண்டும் என்ற தொனி வேண்டாம். பழைய குளிர்பெட்டியில் குளிரூட்ட ஆர்-12 என்ற வாயு இருந்தால் அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. மின்சாரத்தையும் நிறையக் குடிக்கும். நாள் முழுக்க ஓடும் பொருளுக்கு இந்தக் கணக்கு முக்கியம். தினம் ஒரு மணி நேரம் ஓடும் சின்ன சாதனத்துக்கு அவ்வளவாக இல்லை, அதில் சுமையெல்லாம் தயாரிப்பிலேயே முடிந்துவிட்டது. செல்போன், மடிக்கணினி மாதிரிப் பொருள்களின் கார்பன் கணக்கில் பெரும்பங்கு செய்யும்போதே செலவாகிவிடுகிறது, அதனால் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு வருடமும் லாபம். படத்தில் சின்னதாக, கையில் எடுக்கும் பொருளாகக் காட்டுங்கள்.

கீற்று
எல்லோருக்கும் நன்றி. சால்டர்புகை சொன்னதைப் படித்ததும் முதலில் வருத்தமாக இருந்தது, ராத்திரி முழுக்க யோசித்ததில் அவர் சொன்னதுதான் உண்மை என்று பட்டது. பெரணிப் படத்தை விட்டுவிட்டேன்.

புதிய எண்ணம். இருட்டான அலமாரித் தட்டு. துணிப்பை, பெட்டி, சுருட்டிய வயர், கேமரா, டேப் ரிக்கார்டர் எல்லாம் அடைந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு ரேடியோவின் டயல் மட்டும் எரிகிறது. அந்த மஞ்சள் வெளிச்சம் பக்கத்துப் பொருள்களின் விளிம்பில் படுகிறது. டயல் கண்ணாடியில் படிந்த தூசியில் ஒரே ஒரு விரல் இழுத்த தடம், அந்தத் தடத்தின் வழியாக அலைவரிசை எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. யாரோ இப்போதுதான் தொட்டிருக்கிறார்கள்.

ரேடியோ என்னிடம் இருக்கிறது, மேசை மேல் வைக்கும் பழைய வால்வு செட், டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல் வகை. இதை எப்படி எடுப்பது, எவ்வளவு எடிட்டிங் தேவைப்படும்?

அரைநிழல்
இது படம்! தூசியில் விரல் தடம் என்ற இடத்தில் எனக்கே கை நீண்டது.

எடிட்டிங்கை நம்பி எடுக்காதீர்கள், எடுக்கும்போதே முக்கால் வேலையை முடித்துவிட வேண்டும். வேறு வேறு இடத்தில் எடுத்த படங்களை ஒட்டும்போது காட்டிக்கொடுப்பது நிழலும் கண்மட்டமும்தான். முடிந்தவரை எல்லாப் பொருளையும் ஒரே அலமாரியில் வைத்து, கேமராவை டிரைபாடில் பூட்டி, அசையாமல் பல படம் எடுங்கள். முதல் படம் அறை வெளிச்சத்தில், ஆனால் இரண்டு ஸ்டாப் குறைத்து (அதாவது வெளிச்சம் நாலில் ஒரு பங்காக), பொருள்கள் என்ன என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மட்டும். இரண்டாவது படம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டயல் விளக்கு மட்டும் எரிய, ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்து. இரண்டையும் லேயராக ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல் லேயரை ஸ்கிரீன் முறையில் போட்டால் டயல் வெளிச்சம் இருட்டு அலமாரிமேல் கூடிக்கொள்ளும். தனித்தனி லேயராக இருப்பதால் டயல் எவ்வளவு எரிய வேண்டும், அறை எவ்வளவு மங்க வேண்டும் என்பதைப் பிறகு உட்கார்ந்து நிதானமாகத் தீர்மானிக்கலாம். பிரஷ்ஷால் மஞ்சள் பூசி ஒளிவட்டம் வரைவதை மறந்துவிடுங்கள். சின்ன விளக்கின் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகிவிடும், அந்தத் தேய்மானத்தைக் கையால் வரைவது கடினம், கேமரா தானாகவே சரியாகப் பிடித்துக் கொடுக்கும்.

வண்ணம்: பழைய டயலில் இருப்பது குட்டி இழை பல்பு, நன்றாக மஞ்சள் அடிக்கும். அறைக்கு ஜன்னல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, வைட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன்) தானியங்கியில் விடாமல் இரண்டு படத்துக்கும் ஒரே அளவில் நிறுத்துங்கள். அறை நீலம் தட்டியும் டயல் மஞ்சளாகவும் வரும். அந்த வேறுபாட்டிலேயே ரேடியோ உயிரோடிருப்பது தெரிந்துவிடும், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.

தூசியை உண்மையான ரேடியோமேல் தூவாதீர்கள். பவுடர் ஓட்டை வழியாக உள்ளே போய் நிலையம் பிடிக்கும் ட்யூனிங் கண்டன்சரிலும் வால்யூம் குமிழிலும் அடைந்துவிடும், ஓடும் செட்டைப் படத்துக்காகக் கெடுத்த பாவம் வேண்டாம். கறுப்புத் துணிமேல் பவுடரைத் தூவி, பக்கவாட்டில் விளக்கு வைத்துத் தனியாகப் படம் எடுங்கள். அதையும் ஸ்கிரீனில் போட்டால் கறுப்பு மறைந்து தூசி மட்டும் நிற்கும். டயலின் கோணத்துக்கு ஏற்றபடி இழுத்துப் பொருத்திவிட்டு, லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் மாஸ்க் போட்டு விரல் தடத்தை அழித்தெடுங்கள். ஒரு யோசனை: தடத்தின் வடிவத்தையும் கற்பனையில் வரையாமல், ஒரு கண்ணாடித் துண்டில் பவுடர் போட்டு நிஜ விரலால் இழுத்துப் பாருங்கள். தடத்தின் முடிவில் தூசி ஒரு வரப்பு மாதிரிக் குவியும், இரண்டு ஓரத்திலும் மெல்லிய கரை கட்டும். அது இல்லையென்றால் ரப்பர் வைத்து அழித்த மாதிரிதான் தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு மேலே வெளிச்ச அளவை மாற்றும் கர்வ்ஸ் லேயர் ஒன்று போட்டு இருட்டை ஒரேயடியாகத் தூக்கிப் பாருங்கள். ஒட்டின இடத்தில் கறுப்பின் அளவு மாறியிருந்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை எடுத்துவிட வேண்டும். கடைசியாக மொத்தப் படத்துக்கும் ஒரே அளவு கிரெயின், அதாவது ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி.

சால்டர்புகை
அருமையான எண்ணம், மனசார வாழ்த்துகிறேன். ஆனால் வால்வு செட் வேண்டாம், கேளுங்கள்.

பல வருடம் சும்மா கிடந்த வால்வு ரேடியோவை எடுத்த உடனே பிளக்கில் மாட்டக் கூடாது. உள்ளே இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) கசிந்திருக்கும், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்தோ உப்பியோ இருக்கும், மின்சாரம் கொடுத்ததும் சூடாகி டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சில செட்களில் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே மின்சாரம் இருக்கும், குமிழ் கழன்றிருந்தால் தொட்டவருக்கு ஷாக். இந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் வீட்டுக்குப் போய் முதலில் செய்யும் காரியம் பிளக்கை மாட்டுவதுதான். நாமே அதைத் தூண்டக் கூடாது.

டிரான்சிஸ்டர் ரேடியோவாக வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியில் ஓடுவது. டயல் விளக்குக்குத் தனியாக ஒரு பொத்தான் வைத்த மாடல்கள் உண்டு. வீட்டில் அதிகம் தூங்குவதும் அந்த வகைதான். அதில் வரும் கோளாறும் எளிது, பெரும்பாலும் உள்ளேயே மறந்துவிட்ட பேட்டரி கசிந்து கம்பிச்சுருளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அல்கலைன் பேட்டரி என்றால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் போதும்.

எழுத்தாணி
நான் வாசகத்துக்கு வருகிறேன். "தூக்கி எறியாதீர்கள்" என்பது கட்டளை, அதுவும் செய்யாதே என்ற கட்டளை. அலமாரியில் வைத்திருப்பவர் ஏற்கெனவே தூக்கி எறியாமல்தான் வைத்திருக்கிறார், அவரிடம் போய் இதைச் சொல்லி என்ன பயன்? அவருக்குத் தேவை அடுத்து என்ன செய்யலாம் என்ற ஒரு வழி. இரண்டாம் உலகப் போரில் துணி பங்கீட்டில் இருந்தபோது பிரிட்டன் அரசு 1943இல் வெளியிட்ட கையேடு, கிழிந்ததை எப்படித் தைப்பது, பழைய உடையை எப்படி மாற்றித் தைப்பது என்று கைவேலையைத்தான் சொல்லிக்கொடுத்தது.

என் யோசனை, பெரிய எழுத்தில் "இது இன்னும் பாடும்". கீழே சின்னதாக "எடுத்து வாருங்கள், சேர்ந்தே சரிபார்ப்போம்", அதற்கடுத்து நாளும் இடமும். 6.2 கோடி டன் கணக்கை எடுத்துவிடுங்கள். கணக்கு பொய்யில்லை, ஆனால் அவ்வளவு பெரிய எண்ணுக்கு முன்னால் நின்றால் என் ஒரு ரேடியோவால் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றும். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் பேசும்போது சொல்லுங்கள், அங்கே அது எடுபடும்.

எழுத்து உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பை உலக மொழிகளுக்கான முறைக்கு மாற்றாமல் தட்டச்சு செய்தால் "ரேடியோ" என்பதில் இரட்டைக் கொம்புகள் இடம் மாறி நிற்கும், பல சுவரொட்டிகளில் பார்த்து நொந்திருக்கிறேன். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் அந்தத் தொல்லை இல்லை, தமிழ் தானாகவே சரியாக வரும். எழுத்துருவுக்குக் கட்டமரனோ முக்த மலரோ எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் இலவச உரிமத்தில் கிடைப்பவை. பழைய சாதனம் என்பதற்காக நெளிநெளியான அலங்கார எழுத்து வேண்டாம், பழசு என்பதை ரேடியோவே சொல்லட்டும்.

எட்டுபிட்
ரேடியோமேல் இருக்கும் கம்பெனிப் பெயரை மறைத்துவிடுங்கள், அந்தக் கம்பெனி விளம்பரமாகத் தெரியும். எண்களை மட்டும் தொடாதீர்கள், மீடியம் வேவ் அளவுகோலில் 530இலிருந்து 1600 வரை வரிசை குழம்பினால் கேட்டுப் பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கீற்று
முடிந்தது. இரண்டு வாரம் ஆனதற்கு மன்னிக்கவும், டயல் விளக்கு எரியும் டிரான்சிஸ்டர் ஒன்று கிடைப்பதற்கே பத்து நாள் ஆனது. எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு பெரியவர் கொடுத்தார். பேட்டரிப் பெட்டி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, வினிகரில் துடைத்து உயிர் வந்த பிறகுதான் படமே எடுத்தேன். படத்தில் எரியும் டயல் பொய்யில்லை, அந்த நேரம் உண்மையாகவே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மொத்தம் ஏழு லேயர். அறை ஒன்று, டயல் ஒன்று, தூசி இரண்டு, விரல் தடத்தின் கரைக்குத் தனியாக ஒன்று, கம்பெனிப் பெயரை மறைக்க ஒன்று, கிரெயின். அரைநிழல் சொன்ன கர்வ்ஸ் சோதனையில் தூசி லேயரின் ஓரம் சாம்பல் கட்டமாகத் தெரிந்தது, கறுப்புத் துணி முழுக் கறுப்பாக இல்லாததுதான் காரணம், கறுப்பின் அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் அதை அடித்து இறக்கினேன்.

அச்சில் ஒரு அடி வாங்கினேன், இதுபோல் இருட்டுப் படம் செய்பவர்களுக்காகச் சொல்கிறேன். 3508க்கு 4961 பிக்சல், 300 டிபிஐ, அளவெல்லாம் சரி. அச்சானதைப் பார்த்தால் அலமாரியே இல்லை, கறுப்புக்கு நடுவில் ஒரு மஞ்சள் பட்டை மட்டும். திரை தானே ஒளிவிடுகிறது, காகிதம் அறை வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும், போதாததற்கு மை காகிதத்தில் பரவி இருட்டுப் பகுதிகளை அடைத்துவிடுகிறது. நிழல் பகுதியை மட்டும் தூக்கி, திரையில் வெளிறியதாகத் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் காகிதத்தில் டேப் ரிக்கார்டரும் கேமராவும் கண்ணுக்குத் தெரிந்தன. ஏ4 துண்டில் சோதனை அச்சு எடுக்காமல் முழு அளவுக்குப் போகாதீர்கள்.

அரைநிழல்
விரல் தடத்தின் முடிவில் அந்தத் தூசி வரப்பு, அபாரம். ஒன்றே ஒன்று, இடது பக்கம் இருக்கும் கேமரா லென்ஸில் டயலின் பிரதிபலிப்பு விழ வேண்டும், அந்தக் கோணத்தில் கட்டாயம் விழும். தூசி லேயர் அங்கேயும் நீண்டு மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன், மாஸ்கைப் பாருங்கள்.

கீற்று
ஆமாம், மறைத்திருந்தது. மாஸ்கில் திறந்துவிட்டேன். லென்ஸுக்குள் சின்ன மஞ்சள் கோடு வந்ததும் கேமராவும் பாதி கண்விழித்த மாதிரி ஆகிவிட்டது.

புதுவரவு
வணக்கம், இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். படத்தைப் பார்த்ததும் எழுந்து போய் மேல்தட்டிலிருந்து அப்பாவின் ரேடியோவை எடுத்தேன். பேட்டரி போட்டேன், நிலையம் பிடிக்கிறது, ஆனால் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ குமிழைத் திருப்பினால் கரகரவென்று பயங்கரமாகச் சத்தம். சில இடத்தில் ஒலியே நின்றுவிடுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

சால்டர்புகை
ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, போயிருந்தால் குமிழைத் தொடாதபோதும் கரகரக்கும். வால்யூம் குமிழுக்குள் கார்பன் தடம் ஒன்று இருக்கும், அதில் அழுக்கேறியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றுங்கள், பின்மூடியைத் திறந்து குமிழின் உடம்பில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக காண்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு அளவுக்கு அடியுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முப்பது தடவையாவது திருப்பி, அரை மணி நேரம் காயவிட்டு பேட்டரி போடுங்கள்.

புதுவரவு
செய்துவிட்டேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேசாகக் கரகரப்பு இருக்கிறது, மற்றபடி சுத்தமாகப் பேசுகிறது. இப்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. டயல் விளக்குதான் எரியவில்லை, அடுத்த கூட்டம் என்றைக்கு?